ரெண்டு கியர்பாக்ஸ், ஒரு டிராக்டர்: பழைய கார் வயலுக்குப் போன கதை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்குக் கதை ஸ்வீடன்ல ஒரு கிராமத்து ரோட்ல ஆரம்பிக்குது.

ஒரு பழைய வோல்வோ கார் போயிட்டிருக்கு. பின் சீட் கிடையாது. அந்த இடத்துல குட்டி லாரி மாதிரி சாமான் ஏத்துற ஒரு தட்டு. பின்னாடி பெருசா ஒரு சிவப்பு முக்கோணம். ‘இது மெதுவா போற வண்டி, பாத்து வாங்க’ன்னு அதுக்கு அர்த்தம். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். ஓட்டுறது 15 வயசுப் பையனோ பொண்ணோ. பின்னாடி நாலஞ்சு கார் பொறுமை போய் வரிசையா வந்துட்டிருக்கு.

அங்க கார் லைசென்ஸ் வாங்க 18 வயசு ஆகணும். ஆனா இந்த வண்டியைப் போலீஸ் மறிக்க மாட்டாங்க. ஏன்னா சட்டப்படி அது கார் இல்ல. டிராக்டர்.

ஒரு கார் எப்படி டிராக்டர் ஆச்சு? இது ஏதோ குறும்புக்காரப் பசங்க கண்டுபிடிச்ச சட்ட ஓட்டை இல்ல. இதுக்குப் பின்னாடி பஞ்சம், போர், காயலான் கடை, கொஞ்சம் பெருக்கல் கணக்கு, எல்லாம் இருக்கு. நூறு வருஷக் கதை. அதோட மையத்துல ஒரே ஒரு உதிரிபாகம் உட்கார்ந்திருக்கு: ரெண்டாவது கியர்பாக்ஸ்.

கையில இருந்தது கார், தேவைப்பட்டது டிராக்டர்

முதல்ல அமெரிக்காவுக்குப் போவோம். ஏன்னா இந்த யோசனையோட வேர் அங்க இருக்கு.

1907-ல ஹென்றி ஃபோர்டு ஒரு டிராக்டர் பண்ணிப் பார்த்தார். புதுசா டிசைன் பண்ணி, புது அச்சு வார்த்து எல்லாம் இல்ல. இன்ஜின் அவரோட மாடல் பி கார்ல இருந்து. முன் பக்கத்துக்கு மாடல் கே கார்ல இருந்து எடுத்த பாகங்கள். பின் சக்கரம் கதிர் அறுத்துக் கட்டுற மெஷின்ல இருந்து. அதுக்கு அவர் வெச்ச பேர் ‘ஆட்டோமொபைல் கலப்பை’. அதாவது, பின்னாடி உலகத்துக்கே டிராக்டர் வித்த மனுஷன், தன்னோட முதல் டிராக்டரை அங்க இங்க கிடந்த பாகத்தை ஒட்டுப்போட்டுத்தான் பண்ணார். அந்த வண்டி இன்னைக்கும் அவர் பேர்ல இருக்குற மியூசியத்துல நிக்குது.

ஃபோர்டோட உண்மையான டிராக்டர், ஃபோர்ட்சன், 1917-ல வந்துச்சு. ஆனா அதுக்குள்ள விவசாயிகள் கிட்ட வேற ஒண்ணு போய்ச் சேர்ந்திருந்தது: மாடல் டி கார். 1908-ல இருந்து 1927 வரைக்கும் 1.5 கோடி கார் வித்துச்சு. டிராக்டர் வாங்கக் காசு இல்லாத விவசாயி வீட்லயும் கார் நின்னுச்சு. அப்போ யோசனை தானா வரும்ல? இன்ஜின்தான் இருக்கே, அதையே ஏன் உழ விடக்கூடாது?

1910-கள்லயே இதுக்குன்னு கிட் விக்க ஆரம்பிச்சுட்டாங்க. காரோட பின் சக்கரத்தைக் கழட்டிட்டு, பெரிய இரும்புச் சக்கரமும் அதைச் சுத்த வைக்குற பல்சக்கரமும் மாட்டணும். ‘புல்ஃபோர்டு’ன்னு ஒண்ணு, ‘மேக்-எ-டிராக்டர்’னு ஒண்ணு. பேர்லயே விஷயம் இருக்கு பாருங்க.

அப்புறம் 1929. பெரும் பொருளாதார மந்தம். கிட் வாங்கக்கூட காசு இல்லாத காலம். ஆனா ஒண்ணு மட்டும் ஏராளமா கிடைச்சுது: ஓடி ஓடித் தேய்ஞ்ச பழைய கார்கள். காயலான் கடைக்குப் போய் ஒரு காரோட இன்ஜின், ஒரு லாரியோட பின் ஆக்ஸில், இன்னொரு வண்டியோட கியர்பாக்ஸ்னு பொறுக்கிட்டு வந்து, கொட்டகைக்குள்ள வெச்சு அவங்களே டிராக்டர் கட்டினாங்க. ஊருக்கு ஊர் பேர் வேற. அதுல நிலைச்சுப்போன பேர் ‘டூடுல்பக்’.

கணக்கைப் பார்ப்போம்

இங்கதான் எனக்குள்ள இருக்குற இன்ஜினியர் எட்டிப் பார்க்குறான். பயப்படாதீங்க, வெறும் பெருக்கல்தான்.

கார் இன்ஜின்ல சக்தி இல்லாம இல்ல. 1928 மாடல் ஏ ஃபோர்டோட இன்ஜின் 40 குதிரைத்திறன். அன்னைக்கு ஃபோர்ட்சன் டிராக்டருக்கே அதைவிடக் குறைவுதான். ஆனா கார் அந்தச் சக்தியை வேகமா மாத்திக்குது. கலப்பைக்கு வேகம் வேண்டாம், இழுவை வேணும். மனுஷன் நடக்குற வேகத்துல, அசராம, மணிக்கணக்கா இழுக்கணும்.

கியர் சைக்கிள்ல ஃப்ளைஓவர் ஏறியிருக்கீங்களா? சின்ன கியர் போட்டா கால் நிறைய சுத்தும், வண்டி மெதுவா போகும், ஆனா ஏறிடும். அதே கதைதான். வேகத்தைக் கொடுத்துட்டு இழுவையை வாங்கிக்கணும்.

மாடல் ஏ காரோட முதல் கியர் விகிதம் 3.12. அதாவது இன்ஜின் 3.12 சுத்து சுத்தினா கியர்பாக்ஸ்ல இருந்து ஒரு சுத்து வெளிய வரும். அப்புறம் பின் ஆக்ஸில் அதை இன்னும் 3.78 மடங்கு குறைக்கும். ரெண்டையும் பெருக்கினா கிட்டத்தட்ட 11.8. இன்ஜின் 2,200 ஆர்பிஎம்ல முழு வேகத்துல ஓடும்போது, முதல் கியர்ல கார் மணிக்கு 27 கிலோமீட்டர் போகும். இந்த வேகத்துல கலப்பை போட்டா ஒண்ணு இன்ஜின் நின்னுடும், இல்ல கலப்பை பிச்சுக்கும்.

இப்போ பழைய கியர்பாக்ஸ் இன்னொண்ணை எடுத்து, முதல் கியர்பாக்ஸுக்குப் பின்னாடியே மாட்டுங்க. ரெண்டையும் முதல் கியர்ல போட்டா 3.12 பெருக்கல் 3.12, கிட்டத்தட்ட 9.7. காரோட ஆக்ஸிலைத் தூக்கிட்டு மாடல் ஏஏ லாரியோட ஆக்ஸிலைப் போடுங்க. அதுல 6.6 விகிதம் கிடைக்கும். எல்லாத்தையும் பெருக்கினா 64.

அதே இன்ஜின், அதே 2,200 ஆர்பிஎம். லாரி டயரோட சுத்தளவை வெச்சுக் கணக்குப் போட்டா இப்போ வண்டியோட வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் சொச்சம். குதிரை ஏர் இழுக்குற வேகத்துக்கு அக்கம்பக்கம்! எந்தக் கம்பெனியும் டிசைன் பண்ணல. மூணு வண்டியில இருந்து பொறுக்கின பாகம், சரியா உழவு வேகத்துல வந்து நிக்குது.

இன்னொரு அழகு இருக்கு. ஒவ்வொரு கியர்பாக்ஸ்லயும் மூணு முன் கியர், ஒரு ரிவர்ஸ். ரெண்டையும் சேர்த்தா 16 காம்பினேஷன். ரெண்டையும் ரிவர்ஸ்ல போட்டா என்ன ஆகும்? மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ். வண்டி முன்னாடி போகும்! அதுவும் மாடல் ஏ-ல ரிவர்ஸ் விகிதம் முதல் கியரைவிடப் பெருசு. அதனால வண்டியிலேயே மிக மெதுவான, மிக வலுவான முன் கியர் எதுன்னா, ரெண்டு ரிவர்ஸும் சேர்ந்ததுதான். ஸ்கூல்ல ‘இதெல்லாம் எங்க உபயோகமாகப் போகுது’ன்னு கேட்டவங்களுக்கு இது சமர்ப்பணம்.

உடையுறது எங்க?

சரி, கணக்கு முடிஞ்சது. வயல்ல இறக்கினா? அங்கதான் மேட்டரே.

முதல் பிரச்சினை பிடிமானம். அந்த இன்ஜினோட டார்க்கை 64-ஆல பெருக்கினா, காகிதத்துல ரெண்டரை டன்னுக்கு மேல இழுவை வருது. ஆனா வண்டியோட மொத்த எடையே ஒரு டன் சொச்சம். மண்ணுல சக்கரம் சும்மா சுத்தும். அதனால பின் ஆக்ஸிலுக்கு மேல கான்கிரீட் கட்டி, கல்லு, பழைய இரும்புன்னு எதையாவது ஏத்தினாங்க. டயருக்கு சங்கிலி சுத்தினாங்க. பின் பக்கம் இரட்டை டயர் போட்டாங்க.

இதுல ஒரு பொறி இருக்கு. சக்கரம் வழுக்குறது ஒரு வகையில ஃபியூஸ் மாதிரி. தாங்க முடியாத லோடு வந்தா சக்கரம் சுத்திடும், உள்ள இருக்குற பாகம் தப்பிச்சுடும். எடையை ஏத்திப் பிடிமானத்தைக் கூட்டினா, நீங்க அந்த ஃபியூஸைப் பிடுங்கிட்டீங்க. அடுத்து உடையப்போறது எது? பெரும்பாலும் ரெண்டாவது கியர்பாக்ஸ். ஏன்னா அதுக்குள்ள வர்ற டார்க்கே ஏற்கனவே மூணு மடங்கு பெருகி வருது. அதோட பல்லு அதுக்காகச் செஞ்சது இல்ல. விவரம் தெரிஞ்சவங்க ரெண்டாவது இடத்துல மட்டும் லாரி கியர்பாக்ஸைப் போட்டாங்க.

அடுத்தது சூடு. ரோட்ல போற கார் தன்னோட முழுச் சக்தியை எப்பவாவது ஒரு மேடு ஏறும்போதுதான் செலவழிக்கும். அதுவும் எதிர்காத்து ரேடியேட்டரைக் குளுமையா வெச்சுக்கும். வயல்ல நேர்மாறு. நாள் முழுக்க முழு லோடு, காத்தும் கிடையாது. தண்ணி கொதிச்சிடும். மாடல் ஏ இன்ஜினோட பேரிங், பேபிட்னு ஒரு மெதுவான உலோகத்தை உருக்கி ஊத்தினது. சூடும் லோடும் சேர்ந்தா அது சீக்கிரம் தேய்ஞ்சுடும். வயல் ஓரத்துல இன்ஜினைப் பிரிச்சுப் போட்டு உட்கார்ந்திருக்குறதும் அந்த விவசாயத்துல ஒரு பகுதிதான்.

சாஃப்ட்வேர்க்காரங்களுக்கு இது நல்லாவே புரியும். வேற எதுக்கோ எழுதின மூணு லைப்ரரியைச் சேர்த்து ஒரு ப்ராடக்ட் பண்ணலாம், ஓடும். ஆனா ஒவ்வொண்ணும் எந்த லோடுக்காக எழுதினாங்களோ, அந்த எல்லை மாறாது. நீங்க சேர்த்த இடத்துலதான் உடையும்.

ஸ்வீடன்: மலிவுக் கடையோட பேர்

இப்போ அட்லாண்டிக்கைத் தாண்டுவோம். ஸ்வீடன்லயும் விவசாயிகள் பழைய காரை வெட்டி டிராக்டர் பண்ண ஆரம்பிச்சிருந்தாங்க. அங்க 1930-ல ‘எபா’ன்னு ஒரு கடைச் சங்கிலி தொடங்கினாங்க. எல்லாப் பொருளும் சில நிர்ணயிச்ச விலையிலதான். நம்ம ஊர்ல ‘எதை எடுத்தாலும் பத்து ரூபாய்’ கடை மாதிரின்னு வெச்சுக்கோங்க. கொஞ்ச நாள்ல ‘எபா’ன்னாலே மலிவு, மட்டம்னு அர்த்தம் ஆயிடுச்சு. கடையில வாங்குற டிராக்டர் அசல், கொட்டகையில கட்டினது ‘எபா டிராக்டர்’. கிண்டலா வெச்ச பேர், அப்படியே ஒட்டிக்கிச்சு.

1940 ஏப்ரல்ல ஜெர்மனி டென்மார்க்கையும் நார்வேயையும் பிடிச்சது. ஸ்வீடன் போர்ல சேரல. ஆனா மேற்கு நோக்கின கடல் வழி அடைபட்டுச்சு. பெட்ரோல் வரத்து கிட்டத்தட்ட நின்னு போச்சு. விறகையும் கரியையும் எரிச்சு, அதுல வர்ற வாயுவுல வண்டி ஓட்டினாங்க. புது டிராக்டருக்கு எங்க போறது? ஆனா நாடு சாப்பிடணும், வயல் உழணும்.

இந்தக் கட்டத்துல அரசு எடுத்த முடிவுதான் இந்தக் கதையோட திருப்பம். கொட்டகையில கட்டின இந்த வண்டிகளை அவங்க தடை பண்ணல. விதி எழுதினாங்க. இன்னின்ன மாதிரி மாத்தினா, இவ்ளோ மெதுவா போனா, இது கார் இல்ல, டிராக்டர். ஒட்டுப்போட்ட வண்டிக்கு சட்டத்துல ஒரு பேர் கிடைச்சுது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. மெதுவா போறதுதான் நிபந்தனை. அதை யாரும் திணிக்க வேண்டியிருக்கல. இழுவை வேணும்னா ரெண்டாவது கியர்பாக்ஸ் வேணும். அது வந்தா வேகம் தானா போயிடும். அப்போ ரெண்டாவது கியர்பாக்ஸ் ரெண்டு வேலை பார்த்துச்சு. வயல்ல அது கருவி. ரோட்ல அது அத்தாட்சி.

குதிரைப் பேர் வெச்ச டிராக்டர்

போர் முடிஞ்சது. 1946-ல இங்கிலாந்துல, கோவன்ட்ரி நகரத்துல, ஃபெர்குசன் டிஇ20 டிராக்டர் தயாராக ஆரம்பிச்சுது. 1956 வரைக்கும் 5 லட்சத்துக்கும் மேல பண்ணாங்க. ஸ்வீடனுக்கும் நிறைய வந்துச்சு. அதோட சாம்பல் நிறத்தைப் பார்த்து அங்க ஜனங்க வெச்ச செல்லப் பேர் ‘க்ரோல்லெ’. சாம்பல் நிறக் குதிரைக்கு வைக்குற பேர்.

ஹாரி ஃபெர்குசன் பண்ணது இதுதான். கலப்பையைப் பின்னாடி சங்கிலி போட்டு இழுக்கல. மூணு புள்ளியில டிராக்டரோடவே பிணைச்சு, ஹைட்ராலிக்ல கட்டுப்படுத்தினார். மண்ணு கலப்பையை எவ்ளோ எதிர்க்குதோ, அந்த விசையில ஒரு பகுதி பின் சக்கரத்தைக் கீழ அழுத்தும். எப்போ பிடிமானம் வேணுமோ, அப்போ எடை வரும். கான்கிரீட் கட்டி தேவையே இல்ல. சின்ன, எடை குறைஞ்ச டிராக்டர் பெரிய வேலை செஞ்சுது.

இதுக்கு முன்னாடி எபா டிராக்டர் நிக்க முடியாது. உழவுல அதோட காலம் முடிஞ்சது. கொட்டகை மூலையில துருப்பிடிக்க வேண்டியதுதான்.

ஆனா சட்டத்துல அந்த வரி மட்டும் இருந்துச்சு. டிராக்டர் ஓட்ட 18 வயசு ஆக வேண்டியதில்ல. விவசாயியோட மகன் அதைப் பார்த்தான்.

வயல்ல இருந்து ரோட்டுக்கு

1950, 60-கள்ல எபா டிராக்டர் ஸ்வீடன் கிராமத்து இளைஞர்களோட வண்டி ஆச்சு. ஏன்னு புரிஞ்சுக்க அந்த நாட்டோட வரைபடத்தைப் பார்த்தா போதும். தமிழ்நாட்டைப் போல மூணு மடங்குக்கு மேல பரப்பு, மக்கள் தொகை சென்னை நகர்ப்புறம் அளவுகூட இல்ல. ஃபிரெண்டு வீடு 20 கிலோமீட்டர் தள்ளி. பஸ் எப்பவாவதுதான். குளிர் மைனஸ்ல. அங்க 30 கிலோமீட்டர் வேகத்துல போற கூரையுள்ள வண்டின்னா, அது விடுதலை.

இதை நிறுத்த அரசு பார்த்துச்சு. 1975 மார்ச் 31-க்கு அப்புறம் புதுசா எபா டிராக்டர் கட்டக் கூடாது. ஆனா முழுசா நிறுத்த முடியல. அதுக்குப் பதிலா ‘ஏ-டிராக்டர்’னு கடுமையான விதிகளோட ஒரு புது வகை வந்துச்சு. ஏற்கனவே இருந்த எபா வண்டிகளும் தொடர்ந்து ஓடலாம். நம்ம பாஷையில சொன்னா, பழைய வெர்ஷனுக்கு சப்போர்ட்டை நிறுத்தப் பார்த்து, கடைசியில புது வெர்ஷன் ஒண்ணு ரிலீஸ் பண்ண வேண்டியதாச்சு. யூசர்ஸ் விடல.

அதுக்கப்புறமும் பல வருஷம், பழைய வோல்வோவை ஏ-டிராக்டர் ஆக்கணும்னா ஒரு வழக்கமான வழி இருந்துச்சு: ரெண்டாவது கியர்பாக்ஸ். உழவுக்கு இல்ல, மெதுவா போறதுக்கு. கருவிங்குற வேலை போயிடுச்சு, அத்தாட்சிங்குற வேலை மிச்சம். அதுலயும் பசங்க கைவரிசை காட்டினாங்க. கியரை ரகசியமா மாத்த வழி பண்ணினாங்க. போலீஸ் பிடிச்சாங்க. அது தனிக் கதை. ஆனா ஏமாத்துறதுக்குக்கூட ஒருத்தன் வண்டிக்கு அடியில படுத்து, கையில கிரீஸ் பட்டு, கியர்பாக்ஸ் எப்படி வேலை செய்யுதுன்னு கத்துக்க வேண்டியிருந்துச்சு.

2020-ல விதி தளர்ந்துச்சு. வேகத்தை எலக்ட்ரானிக்ஸ்ல கட்டுப்படுத்தினா போதும். புது ஆட்டோமேட்டிக் காரையும் ஏ-டிராக்டர் ஆக்கலாம். ரெண்டாவது கியர்பாக்ஸ் அத்தனை வருஷம் பார்த்த வேலையை இப்போ மென்பொருள் பார்க்குது.

வண்டிகளோட எண்ணிக்கை கிடுகிடுன்னு ஏறுச்சு. கூடவே விபத்தும், காயமும். வேகமா கார் போற ரோட்ல 30-ல ஒரு வண்டி. உள்ள சீட்டுக்கு மேல ஆள், சில நேரம் பின் தட்டுலயும் பசங்க. லாக்கை உடைச்சு 80, 90-ல போறவங்களும் இருந்தாங்க. 2023-ல அரசு மறுபடி இறுக்குச்சு: சீட் பெல்ட் கட்டாயம், பெல்ட் இருக்குற சீட்ல மட்டும்தான் ஆள் உட்காரலாம், பின் தட்டுல யாரும் கூடாது.

அப்போ எது டிராக்டர்?

இதை ‘பழைய விதி, தூக்கிப் போடுங்க’ன்னு முடிக்குறது சுலபம். அடிபட்ட பிள்ளையோட அப்பா அம்மா அப்படிக் கேட்டா, எதிர்த்துப் பேச என்கிட்ட வார்த்தை இல்ல. ஆனா பஸ் இல்லாத ஊர்ல இருக்குற 16 வயசுப் பொண்ணுக்கு வேற என்ன வழி வெச்சிருக்கோம்னும் கேக்கணும். இந்த வண்டி இவ்ளோ நாள் தாக்குப் பிடிச்சதுக்குக் காரணம் ஏக்கம் மட்டும் இல்ல. அது பூர்த்தி பண்ற தேவை இன்னும் அங்கேயே இருக்கு.

எனக்கு இந்தக் கதையில முக்கியமா படுறது வேற. 1940-ல எழுதின விதி நல்லா வேலை செஞ்சதுக்குக் காரணம், அந்த மெதுவான வேகம் இரும்புல இருந்துச்சு. யாரும் அதை மீற விரும்பல, ஏன்னா அந்த மெதுவுக்காகத்தான் அவங்க வண்டியையே கட்டினாங்க. இழுவை வேணும்னா வேகத்தைக் கொடுத்தாகணும். அந்தப் பண்டமாற்று வயல்ல நியாயமா இருந்துச்சு. ரோட்டுக்கு வந்தப்போ இழுவை யாருக்கும் தேவைப்படல. வேகத்தை மட்டும் கொடுக்கச் சொன்னோம். காரணம் போன பிறகு கட்டுப்பாடு மட்டும் நின்னா, அதைச் சுத்திப் போக ஆள் வருவாங்க. அதுவும் கட்டுப்பாடு ஒரு செட்டிங்ஸ் பக்கத்துல இருந்தா, சீக்கிரமே வருவாங்க.

விதி எழுதுறவங்களுக்கும், நம்மள மாதிரி கோடு எழுதுறவங்களுக்கும் அந்த விவசாயிகள் ஒரு கேள்வியை விட்டுட்டுப் போயிருக்காங்க. நீங்க போடுற இந்த லிமிட், உபயோகப்படுத்துறவங்களுக்கு ஏதாவது தருதா? இல்ல வெறுமனே எடுத்துக்குதா?

இந்த வார எபிசோட் இவ்ளோதான். உங்க ஊர்ல யாராவது மூணு வண்டியைச் சேர்த்து ஒரு வண்டி ஓட்டிட்டிருந்தா, ஒருநாள் நின்னு, ‘கியர்பாக்ஸ் எதுல இருந்து எடுத்தீங்கண்ணே?’ன்னு கேட்டுப் பாருங்க. அரைமணி நேரம் கண்டிப்பா பேசுவார். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.